பழைய செயின் சா ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? கார்பரேட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருப்பதால் அதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு வாங்கிய மிஷின். முதல் சில மாதங்கள் ஓய்வில்லாமல் ஓடியது. அதன் பிறகு பட்டுப்போன மரம் இருந்தால் மட்டும் எடுப்பீர்கள், மற்ற நாளெல்லாம் மோட்டார் ரூமில் கிடக்கும். இப்போது காலையில் எடுத்தால் கை ஓயும்வரை கயிறு இழுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் ட்ரிகரை அழுத்தியதும் அணைந்துவிடுகிறது. எப்படியோ சூடாகிவிட்டால் இரண்டு இழுப்பில் வருகிறது, ஆறவிட்டால் மறுபடி மக்கர். மெக்கானிக் ஒருவர் கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார், பங்காளி விற்றுவிடச் சொல்கிறார்.

இரண்டுக்கும் இப்போது அவசரம் வேண்டாம். செயின் சாவில் இரும்பும் அலுமினியமும் ஓடினால்தான் தேயும். ரப்பர் சும்மா கிடந்தாலே கெடும். கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு, டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாய், இன்ஜினுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பு, கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீல் எல்லாமே ரப்பர் வகை. அதிகம் ஓடாமல் பல வருடம் கிடந்த மிஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

நீங்கள் சொன்ன அறிகுறியும் அதற்குப் பொருந்துகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின் பெரும்பாலும் சூடானதும்தான் முரண்டு பிடிக்கும். இக்னிஷன் காயில் பழுதானாலும் அப்படித்தான், சூட்டில் ஸ்பார்க் நின்றுபோகும். உங்களுடையது தலைகீழ், சூட்டில் நன்றாக வருகிறது. ஆறிப்போன இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், அந்த அளவை உங்கள் கார்பரேட்டரால் இழுத்துக் கொடுக்க முடியவில்லை. ட்ரிகரை அழுத்தியதும் அணைவதற்கும் இதே காரணம்தான்: காற்று ஒரேயடியாகப் பாய்கிறது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் வருவதில்லை. இது என் கணிப்பு. உறுதி செய்துகொள்ளச் சில சோதனைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம்.

அதற்கு முன் ஸ்டார்ட் செய்யும் முறையைப் பார்த்துவிடுவோம். மிஷினில் பழுதே இல்லாமல் முறை தவறுவதால் மட்டும் பட்டறைக்கு வருகிற செயின் சாக்கள் நிறைய. ஆறிய மிஷின் என்றால் சோக்கை முழுதாகப் போட்டு, மெல்ல இழுத்துக் கயிறு இறுகும் இடம் வந்ததும் வேகமாக ஒரு இழுப்பு. சில இழுப்பில் "டப்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும், இன்ஜின் ஓடாது. அந்தச் சத்தம் வந்த கணமே சோக்கைப் பாதிக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த சில இழுப்பில் பிடித்துவிடும். பிடித்ததும் ட்ரிகரை ஒருமுறை தட்டிவிட்டால் அது ஐடிலுக்கு இறங்கும். அந்த "டப்" காதில் விழாமல் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்து பெட்ரோல் ஓவராகிவிடும். அதன் பிறகு எத்தனை இழுத்தாலும் வராது. மிஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை நுழைத்து மிதித்து, செயின் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ஒரு கையில் மிஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றை இழுக்கும் பழக்கம் தொடையைக் கிழிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கூலிக்கு வருபவர் செய்தாலும் தடுங்கள்.

அடுத்தது டேங்கில் இருக்கும் பெட்ரோல். அதை முழுதாக ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் அது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கடலோர ஊரில், பாதி காலியான டேங்கில், மாதக்கணக்கில் கிடந்தால் இது நடப்பதில் ஆச்சரியமே இல்லை. பெட்ரோலில் நாம் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு போய்விடும். இன்ஜினுக்கு முதலில் போவதோ அடியில் உள்ள ஆயில் இல்லாத கலவை. ஸ்டார்ட் ஆகாமல் போனால் பரவாயில்லை, ஆகி ஓடிவிட்டால் பிஸ்டன் கீறிப்போகும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. நீங்கள் மிஷின் வாங்கிய 2018-இல் பெட்ரோலில் எத்தனால் இதைவிட மிகக் குறைவு. கார்பரேட்டர் ஸ்க்ரூ அன்றைய பெட்ரோலுக்கு வைத்தது. எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு எரிபொருள் சற்று அதிகம் தேவைப்படும். ஸ்க்ரூவை யாரும் தொடாமலேயே உங்கள் மிஷினில் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் ஆகிவிட்டது. கையால் திருகிச் சரிசெய்யும் கார்பரேட்டர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றுதான் பெரிய கம்பெனிகளின் கையேடுகள் சொல்கின்றன. எத்தனால் குறைந்த பெட்ரோல் உங்கள் பக்கத்தில் கிடைத்தால் செயின் சாவுக்கு மட்டும் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஆயில் அளவில் ஊகம் வேண்டாம். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 40-க்கு 1 என்றால் 25 மில்லி. விலை குறைந்த 52, 58 சிசி மிஷின்களில் பலவற்றுக்கு 25-க்கு 1 போடச் சொல்வார்கள், அது 40 மில்லி. உங்கள் மிஷினின் புத்தகமோ டேங்க் மூடியோ சொல்வதைப் பின்பற்றுங்கள். மருந்துக் கடையில் அளவுக் குவளை கிடைக்கும், அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எஃப்டி தர 2டி ஆயில் நல்லது. பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயில் கூடவே கூடாது.

இப்போது முக்கியமான சோதனை. பிளக்கைக் கழற்றுங்கள், துடைத்து வையுங்கள். புதிதாகக் கலந்த ஆயில் பெட்ரோலில் அரை டீஸ்பூனுக்கும் குறைவாக எடுத்துப் பிளக் ஓட்டை வழியே ஊற்றிவிட்டு, சிந்தியதைத் துடைத்துப் பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் இழுங்கள். இரண்டு மூன்று நொடி சீறிவிட்டு அணைந்தால் ஸ்பார்க் இருக்கிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம்) இருக்கிறது, குறை பெட்ரோல் வந்து சேரும் வழியில்தான் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஒரு சத்தமும் இல்லை என்றால் ஸ்பார்க்கையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். இதற்கு வெறும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். கடையில் விற்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு வழவழப்பு கிடைப்பதே பெட்ரோலில் கலந்த ஆயிலால்தான், ஸ்பிரேயில் அது இல்லை.

கம்ப்ரஷனுக்கு ஒரு தோராயச் சோதனை: பார் உறையை மாட்டி, சுவிட்சை ஆஃப் செய்து, கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து தூக்குங்கள். கயிறு கடகடவென்று உருவி மிஷின் கீழே போனால் கம்ப்ரஷன் இல்லை. நின்று நின்று, படி இறங்குவது போல இறங்கினால் பரவாயில்லை. இழுப்பதைச் சுலபமாக்க அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் பட்டன் உள்ள மாடலில் அது அமுங்கியிருக்கக் கூடாது. பட்டறையில் கேஜ் வைத்துப் பார்த்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் வருவது நல்லது. 100-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது சிரமம். கேஜைவிட எனக்கு நம்பிக்கையானது கண். சைலன்சரின் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் புகை வெளியேறும் ஓட்டை வழியே பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் உங்கள் மிஷினுக்கு ஆயுள் இருக்கிறது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்களும் அப்பிய அலுமினியமும் தெரிந்தால் கார்பரேட்டருக்குச் செலவழிப்பது வீண். இந்த ஒரு பார்வையைப் பார்க்காமல் எந்த உதிரிப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சைலன்சரைக் கழற்றிய கையோடு அதன் வாயில் இருக்கும் சின்ன வலையையும் பாருங்கள். ஆயில் அதிகமாகக் கலந்தவர்களின் மிஷினில் அது கரியால் அடைத்துப்போயிருக்கும். வயர் பிரஷ் போதும். மோட்டார் ரூமில் கிடந்த மிஷின் என்பதால் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், சைலன்சர் வாயும் காற்று ஓட்டைகளும் குளவிக்குப் பிடித்த இடங்கள். எலி கடித்த ஒயரும் அப்படிக் கண்ணில் படலாம்.

பிஸ்டன் நன்றாக இருக்கிறது, அரை டீஸ்பூன் சோதனையில் சீறியது என்றால் பெட்ரோல் வழிக்கு வருவோம். வளைத்த கம்பியால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை வெளியே இழுங்கள். கறுத்து இறுகியிருந்தால் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு. அந்தக் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். பழைய குழாய் ஒன்று காய்ந்து வெடித்திருக்கும், இல்லை பிசின் போலக் கொழகொழத்திருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் டேங்கின் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் வெடிப்பு ஒளிந்திருக்கும், அங்கே இழுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். குழாயில் மயிரிழை ஓட்டை இருந்தால் போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். பெட்ரோல் வெளியே ஒழுகாததால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் மாடலில் பெட்ரோல் அடிக்கும் ரப்பர் குமிழ் இருந்தால் அதை அமுக்கிப் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் குழாயில் காற்று புகுகிறது. அமுங்கியது எழும்பாவிட்டால் எங்கோ அடைப்பு.

டேங்குக்குக் காற்றுப் போக ஒரு துவாரம் இருக்கும். அது அடைத்தால் மிஷின் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். உங்கள் அறிகுறி அதுவல்ல, ஆனாலும் ஊதிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து கார்பரேட்டர். பைக் கார்பரேட்டரில் மிதவை இருக்கும், அது நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். செயின் சாவைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டியிருப்பதால் மிதவைக்குப் பதில் டயாஃப்ரம். ஒரு பக்கம் உள்ள மெல்லிய தகடு இன்ஜினின் கிராங்க் அறையிலிருந்து வரும் அழுத்தத் துடிப்பால் படபடத்துப் பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கும். மறுபக்கம் உள்ள கறுப்பு டயாஃப்ரம் உறிஞ்சலுக்கு ஏற்ப ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி ஊசி வால்வைத் திறந்துவிடும். இந்த இரண்டும் இறுகிப்போனால் துடிப்பும் குறையும், ஊசியும் திறக்காது. உங்கள் மிஷினில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் ஃபோனில் படம் எடுங்கள். நான்கு ஸ்க்ரூ உள்ள மூடிக்கு அடியில் கறுப்பு டயாஃப்ரம் இருக்கும். விரல் நுனியால் லேசாகத் தட்டினால் துணி போலத் துவள வேண்டும். சரசரவென்று சத்தம் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மறுபக்கம், பெரும்பாலும் ஒரே ஸ்க்ரூ உள்ள மூடிக்கு அடியில், பம்ப் தகடும் அதற்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு வலையும் இருக்கும். இந்த வலையைப் பட்டறைகளில்கூடச் சில சமயம் விட்டுவிடுவார்கள், பழுப்பு நிறப் பிசின் அடைத்துக்கிடக்கும். கார்பரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். ஓட்டைகளில் கம்பி குத்தக் கூடாது, அளவு பெரிதானால் பிறகு டியூனிங்கே நிற்காது. பூட்டிய நிலையில் கம்ப்ரஸர் காற்றையும் பாய்ச்சக் கூடாது, டயாஃப்ரம் கிழிந்துவிடும்.

புது டயாஃப்ரம், கேஸ்கெட் அடங்கிய கிட்டைப் போடும்போது வரிசை முக்கியம். வால்ப்ரோ, ஜாமா கம்பெனி கார்பரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் நான்கு ஸ்க்ரூ பக்கத்தில் முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயாஃப்ரம். பம்ப் பக்கத்தில் முதலில் தகடு, அதன் மேல் கேஸ்கெட். வரிசை மாறினால் புதுக் கிட்டும் வேலை செய்யாது, "கிட் டூப்ளிகேட்" என்று கடைக்காரர் மேல் பழி விழும். நெம்புகோலின் உயரத்தைப் பழையபடியே வையுங்கள். தாழ்ந்தால் பெட்ரோல் வராது, உயர்ந்தால் ஓவராகும். கிட் வாங்கப் போகும்போது மிஷின் பெயரைச் சொல்வதைவிடக் கார்பரேட்டர் மேல் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்துப் போங்கள். ஒரே மாடல் மிஷினில் வேறு வேறு கார்பரேட்டர் வந்திருக்கும்.

முழுக் கார்பரேட்டரையே மாற்றச் சொன்ன மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். விலை குறைந்த மிஷின்களுக்கு முழுக் கார்பரேட்டர் மலிவாகவே கிடைக்கிறது, உட்கார்ந்து கழுவும் கூலியை விட அது லாபம். உங்களுடையது நல்ல கம்பெனி மிஷின் என்றால் கதை வேறு. அதில் வந்த அசல் கார்பரேட்டரின் உடல் பகுதி மலிவான மாற்றை விடத் துல்லியமானது. அதைத் தூக்கி எறியாதீர்கள், கிட் மட்டும் மாற்றுங்கள்.

கார்பரேட்டரைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் உள்ள ரப்பர் இணைப்பையும், துடிப்பைக் கொண்டுவரும் சின்னக் குழாயையும் வளைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் அங்கே காற்று புகும். ஐடிலில் வேகம் ஏறி இறங்குவதும், மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறுவதும் இந்த இணைப்பு, இல்லையேல் கிராங்க் ஆயில் சீல் போனதன் அடையாளம். சீல் மாற்ற கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும், அதற்கான புல்லர் உள்ள பட்டறையில் கொடுப்பது நல்லது. காற்று புகும் மிஷினைத் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும்.

அரை டீஸ்பூன் சோதனையில் சத்தமே வராதவர்களுக்குச் சில வரிகள். பிளக் விலை குறைந்தது என்பதால் முதலில் அதையே மாற்றுங்கள். பல செயின் சாக்களுக்கு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ பொருந்தும், இடைவெளி 0.5 மி.மீ. பிறகும் ஸ்பார்க் இல்லை என்றால் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இந்த ஒயர் பாடியில் பட்டால்தான் இன்ஜின் நிற்கும், உறை உரிந்து எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பார்க்கே வராது. ஒயரைக் கழற்றி ஓட்டினால் சுவிட்ச் வேலை செய்யாது, சோக்கைப் போட்டு அணைக்க வேண்டும். ஃப்ளைவீல் காந்தத்தில் துரு இருந்தால் எமரி பேப்பரால் தேயுங்கள், கடலோர ஊர்களில் இது சாதாரணம். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே விசிட்டிங் கார்டு கனம், ஏறக்குறைய 0.3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஸ்பார்க் சோதிக்கும்போது பிளக் ஓட்டைக்கு அருகில் பிளக்கைப் பிடிக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, சோக்கை எடுத்து, ட்ரிகரை முழுதாக அழுத்திப் பல முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் இப்படி நனைகிறது என்றால் ஊசி வால்வு மூடவில்லை.

ஸ்க்ரூ டியூனிங்கைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கார்பரேட்டரில் குறைந்த வேகத்துக்கு எல், முழு வேகத்துக்கு எச் என்று இரண்டு ஸ்க்ரூ பெட்ரோல் அளவை வைக்கும். டயாஃப்ரம் இறுகிய மிஷினில் எல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் அன்றைக்கு ஓடும். நோய் உள்ளேயே இருக்கும். ரப்பரெல்லாம் சரியான பிறகு எல், எச் இரண்டையும் மெதுவாக முட்டும்வரை மூடி, ஒரு சுற்றுத் திறந்து வையுங்கள். பல மாடலுக்கு அதுதான் தொடக்கம். சூடானதும், ட்ரிகரைத் தட்டினால் தயங்காமல் ஏறும்படி எல் ஸ்க்ரூவை வையுங்கள். ஐடிலில் செயின் சுற்றக் கூடாது, சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். எச் ஸ்க்ரூவைச் சத்தம் கணீரென்று வரும்வரை மூடிக்கொண்டே போகும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் பிஸ்டனைக் கொல்கிறது. முழு வேகத்தில் சும்மா ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரப்பாக இருந்து, மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். இன்ஜின் சுற்று வேகம் காட்டும் டேக்கோமீட்டர் உள்ள பட்டறையில் இதை ஒருமுறை வைத்துவிட்டால் நல்லது.

விற்பதா வைப்பதா என்பதைப் பிஸ்டனைப் பார்த்தபின் முடிவெடுங்கள். பிஸ்டன் வழுவழு என்றால் ஃபில்டர், குழாய், கிட், பிளக் நான்கையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், புதிய மிஷின் விலையில் இது சிறு பங்குதான். பிஸ்டன் கீறியிருந்து, சிலிண்டரும் கீறியிருந்தால், நல்ல கம்பெனி மிஷினுக்கு மட்டும் சிலிண்டர் கிட் போடலாம். மலிவு மிஷின் என்றால் பங்காளி சொன்னதே சரி, உதிரிப் பாகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரியான பிறகு, ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிஷினை ஸ்டார்ட் செய்து கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டி, தென்னை நார்த்தூள் அப்பிய சிலிண்டர் இடுக்குகளையும் ஸ்டார்ட்டர் மூடியின் ஓட்டைகளையும் பிரஷால் தள்ளிவிட்டு, காற்றுப் படாதபடி மூடி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, மறுபடி அதேபோலத் தீரவிட்டு வைத்துவிடுங்கள்.